முள்மரத்துக்குக் கீழே தரை கெட்டி

ட்ரம்லாரா, அயர்லாந்து
11 செப்டம்பர் 2011

அன்புள்ள தம்பி மாலகிக்கு,

அக்கா அட்ராக்டா எழுதுவது. ஆண்டவர் புண்ணியத்தில் இங்கே எனக்கும் நாய்க்கும் குறையில்லை. உன் முதுகு எப்படி இருக்கிறது? உன் வீட்டுக்காரி ஜூன் நன்றாக இருக்கிறாளா? சாரம் கட்டும் வேலைக்கு மறுபடி கூப்பிட்டார்களா? ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகப் பதில் எழுது. போன தடவை மாதிரி "எல்லாரும் சௌக்கியம்" என்று ஒரே வரியில் நழுவாதே.

விஷயத்துக்கு வருகிறேன். மேல் வயலில் ஒரு குளம் தோண்டப் போகிறேன். சிரிக்காதே. படகு விடுகிற குளம் இல்லை. முழங்கால் அளவு ஆழம்கூட வராது. நான் ஓட்டும் பள்ளிப் பேருந்து இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால் எவ்வளவு இடம் பிடிக்குமோ அவ்வளவுதான். நடுவிலே இருக்கிற அந்தத் தாழ்வான கோரைப் பள்ளத்தைக் கொஞ்சம் பறித்துவிட்டால் போதும், மழைத் தண்ணீர் கோடை வரை நிற்கும்.

எல்லாம் அந்த வளைமூக்கனுக்காக. உனக்கு அதன் குரல் மறந்திருக்காது. மார்ச் பிறந்ததும் சேற்று நிலத்துக்கு மேலே குமிழி விடுவது போலக் கூவிக்கொண்டு சுற்றுமே, அரிவாள் மாதிரி மூக்குள்ள பறவை. நான் பேருந்து ஓட்டும் வழி நெடுக முன்பு அது இருந்தது. இப்போது வழி நெடுக ஊசியிலை மரம். இந்தப் பக்கத்தில் மிஞ்சியிருப்பது நம் மேல் வயலில் இறங்கும் ஒரே ஒரு ஜோடி. போன மே மாதம் நாலு குஞ்சு பொரித்தது. மழை வரவில்லை. பள்ளம் ஓடு மாதிரி காய்ந்துபோனது. சேறு இருந்தால்தானே குஞ்சுக்குப் புழு கிடைக்கும்? நாலையும் நான்தான் பொறுக்கி எடுத்துப் புதைத்தேன். ஒரு தீப்பெட்டி கனம்கூட இல்லை. அன்றைக்கு வந்த ஆத்திரம் இன்னும் இறங்கவில்லை.

காய்ந்ததற்குக் காரணம் நம் அப்பாதான். பள்ளத்துத் தண்ணீரை வடிக்க அவர் பூமிக்கடியில் கட்டின கல் வாய்க்கால் இன்றைக்கும் வேலை செய்கிறது. என் மேல் வயலிலிருந்து வேலிக்கு அடியில் புகுந்து, உன் கீழ் வயல் வழியாக ஓடையில் விழுகிறது. மனுஷன் எதைக் கட்டினாலும் கெட்டியாகக் கட்டித் தொலைத்திருக்கிறார்.

பக்கத்துப் பண்ணை ஜான் ஜோவிடம் மண் அள்ளும் இயந்திரம் இருக்கிறது. ஒரு நாள் வேலை என்கிறான். முறைப்படி செய்வோம் என்று மாவட்ட அலுவலகத்தில் மனு போட்டிருக்கிறேன். மார்ச்சுக்குள் குளம் ரெடி.

பூசைக்குப் போ. முதுகுக்கு ஒத்தடம் கொடு.

உன் அக்கா,
அட்ராக்டா


பெர்த், ஆஸ்திரேலியா
2 அக்டோபர் 2011

அன்புள்ள அக்காவுக்கு,

மாலகி வணக்கத்துடன் எழுதுவது. முதுகு: இருக்கிறது. ஜூன்: சுகம். வேலை: பார்த்துக்கொண்டிருக்கிறேன். தனித்தனியாகப் பதில் எழுதிவிட்டேன், சரிதானே.

ஊரெல்லாம் தண்ணீரை வடிக்கப் பாடுபட்டது, நீ தண்ணீரைக் கூப்பிடுகிறாய். அப்பாவுக்குத் தெரிந்தால் கல்லறையிலிருந்து எழுந்து மண்வெட்டியோடு வருவார். அந்த வாய்க்காலுக்குக் கல் சுமந்த தோள் என்னுடையது. மறக்க முடியுமா? உன் வயலில் அது எங்கே போகிறதோ தெரியாது, என் வயலில் ஒவ்வோர் அடியும் எனக்கு மனப்பாடம். ஒற்றை முள்மரத்துக்குக் கீழே மூடுகல் உடைந்து நான் உள்ளே விழுந்து, நீ காலைப் பிடித்து இழுத்தாயே, அந்தத் தழும்பு தாடையில் இன்னும் இருக்கிறது. தினமும் சவரம் செய்யும்போது கத்தி அங்கே ஒரு தடவை தடுக்கும்.

குளம் தோண்டுவது உன் வேலிக்குள்தானே? என் பக்கம் ஒன்றும் வராதே? சும்மா கேட்டேன்.

இங்கே வெயில் தொடங்கிவிட்டது. ஜூன் உன்னை விசாரித்தாள்.

அன்புடன்,
மாலகி


ட்ரம்லாரா
30 அக்டோபர் 2011

அன்புள்ள மாலகிக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை, மனசுக்குத்தான் காய்ச்சல். நீங்கள் இருவரும் நலமென்று நினைத்துக்கொள்கிறேன்.

அலுவலகத்திலிருந்து டெவேன் என்று ஓர் அதிகாரி வந்தார். சின்ன வயசு, மரியாதையான பிள்ளை, காலில் விலைச்சீட்டுகூடக் கிழிக்காத புது ரப்பர் பூட்ஸ். பள்ளத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார். பிறகு நடந்த பேச்சை அப்படியே எழுதுகிறேன், நீயே படித்துக்கொள்.

"இது ஈரநிலமாம்மா?"

"இப்ப இல்ல. அதனாலதான் தோண்டணும்கிறேன்."

"நல்லதாப் போச்சு. ஈரநிலமா இருந்தா தோண்ட விடமாட்டோம். அதுக்குப் பாதுகாப்பு உண்டு."

"சரி, இல்லையே. அப்ப தோண்டலாமா?"

"இல்லாத இடத்துல ஈரநிலம் உண்டாக்கினா நிலத்தோட பயன்பாடு மாறுதும்மா. அதுக்கு ஆய்வு வேணும்."

"என்ன ஆய்வு?"

"அங்க இருக்கிற உயிரினங்களுக்கு அதனால பாதிப்பு உண்டான்னு."

"தம்பி, அந்த உயிரினத்துக்காகத்தான் தோண்டறதே."

"புரியுதும்மா. அதையும் ஆய்வுல எழுதிடலாம்."

கேட்டாயா? தண்ணீர் இருந்தால் தொடக்கூடாது, இல்லாவிட்டால் கொண்டுவரக்கூடாது. இந்த அயர்லாந்தில், வருஷத்தில் பாதி நாள் வானம் ஒழுகும் இந்தத் தேசத்தில், ஒரு பள்ளத்தில் தண்ணீர் நிற்க முத்திரை வேண்டும். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி இடம் கொடுக்கமாட்டான் என்பது இதுதான்.

அது போகட்டும் என்றால், வாசல் கதவில் அறிவிப்புத் தாள் ஒட்ட வேண்டுமாம். ஒட்டினேன். பூசை முடிந்து போகிற அத்தனை பேரும் காரை நிறுத்திப் படிக்கிறார்கள். என்னைப் பார்த்து ஒருத்தரும் ஒன்றும் கேட்பதில்லை. "நல்ல காத்து அட்ராக்டா" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய் அலசுகிறார்கள். ஜான் ஜோ மட்டும்தான் முகத்துக்கு நேரே சொன்னான்.

"நீ ஏன் கேட்டே?"

"பின்னே கேட்காமத் தோண்டறதா?"

"கேட்காமத் தோண்டியிருந்தா யாருக்குத் தெரியும்? ஒரு சனிக்கிழமை வந்து பறிச்சுட்டுப் போயிருப்பேன். மாடு மிதிச்சுப் பள்ளமாச்சுன்னு சொல்லியிருக்கலாம். இப்ப கேட்டுட்டே. கேட்டவளுக்குத்தான் இல்லைன்னு சொல்ல முடியும்."

அவன் சொல்வதும் நியாயம்தான். இனி ரகசியமாகவும் முடியாது. தீர்ப்புக்கு முன்னே ஒரு மண்வெட்டி விழுந்தால் குற்றம் என்று எழுதி அனுப்பிவிட்டார்கள். பள்ளிப் பேருந்து ஓட்டும் ஒப்பந்தம் அதே அலுவலகம் கொடுப்பது. என் சோறு அவர்கள் கையில். ஆய்வுக்கு ஆள் பிடித்திருக்கிறேன், விடமாட்டேன்.

ஜூனுக்கு என் அன்பு. முதுகைப் பற்றி ஒரு வார்த்தை கூடுதலாக எழுதினால் காகிதம் தேயாது.

அக்கா


ட்ரம்லாரா
4 டிசம்பர் 2011

அன்புள்ள மாலகிக்கு,

உன் கடிதம் வரவில்லை. தபால்காரரைக் கேட்டேன், ஆஸ்திரேலியா தபால் ஒழுங்காகத்தான் வருகிறது என்கிறார். உடம்பு சரியில்லையா? எனக்குச் சளி. கிறிஸ்துமஸ் கேக் ஒன்று பார்சலில் வருகிறது. உடைந்து வந்தால் கரண்டியால் சாப்பிடுங்கள்.

ஆய்வு முடிந்தது. பறவைக்கு நல்லது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாயிற்று. இப்போது ஒரே ஒரு தடை. குளம் நிரம்பினால் மிச்சத் தண்ணீர் அப்பாவின் வாய்க்கால் வழியாக உன் நிலத்துக்குள் வருமாம். ஆகவே கீழ் நிலத்துக்காரர் சம்மதம் வேண்டுமாம். "கீழ் நிலத்துக்காரர் என் தம்பிதான், என் துணியைப் போட்டுக்கொண்டு வளர்ந்தவன்தான்" என்று டெவேனிடம் சொன்னேன். "அப்ப சுலபம்மா" என்றார். இத்தனை நாளில் அவர் வாயில் சுலபம் என்ற சொல்லை அன்றுதான் கேட்டேன்.

சம்மதத் தாள் இதோடு இருக்கிறது. பென்சிலால் குறி போட்ட இடத்தில் கையெழுத்துப் போடு. ஜனவரி கடைசிக்குள் அலுவலகத்துக்குப் போக வேண்டும்.

உங்கள் இருவருக்கும் பாலன் பிறப்பு வாழ்த்து.

அக்கா


பெர்த்
8 ஜனவரி 2012

அன்புள்ள அக்காவுக்கு,

புது வருஷம் உனக்கு நல்லதாகவே பிறந்திருக்கட்டும். கேக் முழுசாக வந்தது. ஜூன் அதைப் பூட்டி வைத்து எனக்கு அளந்து தருகிறாள்.

இங்கே வெயில் சொல்லி முடியாது. தார் ரோட்டில் செருப்பு ஒட்டுகிறது. பக்கத்து வீட்டுக்காரர் எலுமிச்சை மரம் வைத்தார், அது பட்டுப்போனது. கிறிஸ்துமஸ் அன்றைக்குக் கடற்கரைக்குப் போனோம். அங்கே ஒரு கூட்டம் மணலில் கால்பந்து விளையாடியது. அவர்களில் ஒருவர் நம் ஊர்ப் பக்கத்து மனுஷர், அப்பாவைத் தெரியும் என்றார். எனக்கு அவரை ஞாபகம் இல்லை. அப்புறம் மழையே இல்லை, தோட்டத்துக்குத் தண்ணீர் விட நாள் குறித்திருக்கிறார்கள். உனக்கு அங்கே மழை எப்படி?

உன் சளி சரியானதா? தேனும் சூடான விஸ்கியும் குடி. குடிகாரி என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

மற்றவை பிறகு.

மாலகி


ட்ரம்லாரா
22 ஜனவரி 2012

அன்புள்ள மாலகிக்கு,

சளி போனது. எலுமிச்சை மரத்துக்கு என் அனுதாபம்.

தாள் எங்கே? உறையைக் கிழித்து உதறிப் பார்த்தேன், நாய்கூட வந்து மோந்து பார்த்தது. வெயிலைப் பற்றி ஒரு பக்கம் எழுதத் தெரிந்தவனுக்கு ஒரு கையெழுத்துப் போடத் தெரியவில்லையா? ஒருவேளை தொலைத்துவிட்டாய் என்று இன்னொன்று வைத்திருக்கிறேன். டெவேனிடம் கெஞ்சி இரண்டு வாரம் தள்ளி வாங்கியிருக்கிறேன். நான் கெஞ்சினேன், மாலகி. நான்.

இன்னும் ஆறேழு வாரத்தில் பறவை வந்துவிடும். அது அலுவலக நாள்காட்டி பார்த்து வருவதில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள். உடனே எழுது.

அக்கா


ட்ரம்லாரா
5 பிப்ரவரி 2012

மாலகி,

நலம் விசாரிக்க மனசில்லை.

வெள்ளிக்கிழமை ஜான் ஜோ வந்தான். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. தொப்பியைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டே நின்றான். ஜான் ஜோ தொப்பியைக் கழற்றினால் யாரோ செத்திருக்க வேண்டும்.

"அட்ராக்டா, உன் குளத்துக்கு இந்த மாசக் கடைசியில வர முடியாது. மரக் கம்பெனிக்காரங்க இயந்திரத்தைப் பேசிட்டாங்க."

"எந்த ஊர்ல?"

"இங்கதான்."

"இங்கதான்னா?"

"உன் தம்பி வயல்ல. ஊசியிலை மரம் நடப் போறாங்க. வேலி ஓரம் வரைக்கும். உனக்குத் தெரியும்னு நினைச்சேன்."

எனக்குத் தெரியாது என்று அவனிடம் சொல்ல வெட்கமாக இருந்தது. "தெரியும், தெரியும், மறந்துட்டேன்" என்றேன். அவனும் நம்பின மாதிரி தலையாட்டினான். அந்தத் தலையாட்டலுக்கு அவனை அறைந்திருக்கலாம்.

ஒப்பந்தம் போன ஆகஸ்டிலேயே முடிந்ததாம். என் முதல் கடிதத்துக்கு முன்னாலேயே. "என் பக்கம் ஒன்றும் வராதே, சும்மா கேட்டேன்" என்று எழுதினாயே. சும்மாவா கேட்டாய்? நான் இங்கே டெவேனோடும் முத்திரையோடும் மல்லுக்கு நின்று, அரசாங்கத்தைத் திட்டித் திட்டி உனக்கு எழுதினேன். நீ அங்கே உட்கார்ந்து படித்தாய். குழி பறித்தவனிடமே போய் மண்வெட்டி கேட்டிருக்கிறேன்.

அடுத்த வாரம் கெடு முடிந்ததும் அலுவலகம் என் மனுவை மூடிவிடும். கீழ் நிலத்துக்காரர் சம்மதம் இல்லை, முழுமையற்றது என்று ஒரு வரி. நியாயமான வரி. டெவேன் மேல் எனக்குக் கோபமே இல்லை இப்போது. அந்தப் பிள்ளை என்னிடம் ஒரு பொய்யும் சொல்லவில்லை.

மரம் வளர்ந்தால் அந்த நிழலில் காகமும் நரியும் குடியேறும். பக்கத்தில் பறவை முட்டையிடாது. மேல் வயல் எனக்கு, கீழ் வயல் உனக்கு என்று அப்பா பிரித்தார். வளைமூக்கன் யாருக்கு என்று பிரிக்க மறந்துவிட்டார்.

அட்ராக்டா


பெர்த்
19 பிப்ரவரி 2012

அன்புள்ள அக்காவுக்கு,

நீ விசாரிக்காவிட்டாலும் நான் விசாரிக்கிறேன். நலமாக இரு.

முதுகைப் பற்றிக் கூடுதலாக எழுதச் சொன்னாயே, எழுதுகிறேன். போன வருஷம் ஈஸ்டருக்கு முன்னால் சாரத்திலிருந்து விழுந்தேன். அதற்கப்புறம் வேலை இல்லை. வரவும் வராது. ஜூன் இரண்டு இடத்தில் வேலை பார்க்கிறாள். நான் வீட்டில் துணி மடிக்கிறேன். வீட்டுக்கடன்காரர்கள் எழுதும் கடிதங்களில் நலம் விசாரிப்பு இருக்காது, உன் போன கடிதம் மாதிரியே தொடங்கும். அந்த வயலைத் தவிர என்னிடம் கொடுக்க ஒன்றுமில்லை. குத்தகைக்குக் கொடுத்தேன். என் நிலம். இதற்கு நான் உன்னிடம் உத்தரவு வாங்க வேண்டுமா?

ஒப்பந்தத்தில் ஒரு வரி இருக்கிறது: நிலத்துத் தண்ணீர் சம்பந்தமாக வேறு யாருக்கும் எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடக்கூடாது. அதனால் போடவில்லை. போடாத கையெழுத்தைப் பற்றி எப்படி எழுதுவது என்று தெரியாமல் வெயிலைப் பற்றி எழுதினேன். உன் இரண்டு தாளும் சமையலறை மேசையில் இருக்கின்றன. ஜூன் அவற்றின் மேல் எதையும் வைப்பதில்லை.

குஞ்சுகளைப் புதைத்தாய் என்று எழுதியிருந்தாயே, அதை நான் பல தடவை படித்தேன்.

இயந்திரம் எந்தப் பக்கமாக உள்ளே வரும்? ரோட்டுப் பக்கக் கதவு வழியாகத்தானே? ஒற்றை முள்மரம் இன்னும் நடுவழியில் நிற்கிறதா? எழுத முடிந்தால் எழுது.

தம்பி,
மாலகி


ட்ரம்லாரா
25 மார்ச் 2012

அன்புள்ள மாலகிக்கு,

நான் நலம். விழுந்ததை ஒரு வருஷம் மறைத்தவனை இனிமேல் நலமா என்று கேட்டு என்ன பயன்? ஜூனுக்குத் தனியாக எழுதியிருக்கிறேன். அவள் உண்மை சொல்வாள். முள்மரத்தைப் பற்றிக் கேட்டிருந்தாய். கோபத்தில் பதில் எழுதவில்லை. இப்போது எழுதுகிறேன்.

மார்ச் முதல் வாரம் ஜான் ஜோ இயந்திரத்தோடு வந்தான். கூட மரக் கம்பெனி இளைஞர் ஒருவர், நகரத்துப் பிள்ளை. நான் ரோட்டுப் பக்க மேட்டில், கதவருகே நின்றுகொண்டேன். ரோடு எல்லாருக்கும் பொது, அதில் நிற்க மனு தேவையில்லை. முள்மரம் வழியை அடைத்துக்கொண்டு நின்றது.

"இதை எடுத்துட்டா நேரா உள்ள போயிடலாம்" என்றார் அந்த இளைஞர்.

"எடுத்துட்டு யாரு படுக்கையில விழறது? நீயா, நானா?" என்றான் ஜான் ஜோ.

"என்ன சொல்றீங்க?"

"அது தனிமரம்பா. கண்ணுக்குத் தெரியாத அந்த நல்லவங்களோட மரம். நான் தொடமாட்டேன். எங்கப்பனும் தொட்டதில்ல. இந்த ஊர்ல எவனும் தொடமாட்டான். ஆசையா இருந்தா நீ போய் ரம்பம் கொண்டுவா, நான் ரோட்டுல நின்னு பார்க்கிறேன்."

அந்தப் பிள்ளை நல்லவர்கள் யாரென்று கேட்டார். நல்ல வேளை, யாரும் பேரைச் சொல்லவில்லை. ரம்பம் எடுக்க அவருக்கும் தைரியம் வரவில்லை. நிலத்துக்காரரையே கேட்போம் என்று கைபேசியை எடுத்தார். மேட்டில் மட்டும்தானே சிக்னல் எடுக்கும், என் பக்கத்திலேயே நின்று, எல்லாருக்கும் கேட்கும்படி வைத்துப் பேசினார். மூன்று வருஷம் கழித்து உன் குரலைக் கேட்டேன். கிழவன் குரல் வந்துவிட்டது உனக்கு.

"முள்மரத்தைத் தொடாதீங்க. அதுக்குக் கீழால சுத்திப் போகச் சொல்லுங்க. அங்க தரை கெட்டி. சின்ன வயசுலேர்ந்து எனக்குத் தெரியும்."

நான் வாயைத் திறந்தேன். மூடிக்கொண்டேன்.

ஜான் ஜோ என்னைத் திரும்பிப் பார்த்தான். "என்ன அட்ராக்டா, அங்க கெட்டிதானே?"

"நிலம் அவனோடது. அவனுக்குத் தெரியாதா?" என்றேன்.

இயந்திரம் முள்மரத்துக்குக் கீழே போனது. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு ஒரு பக்கமாகச் சாய்ந்து, இடுப்பு வரை சேற்றில் இறங்கிவிட்டது. ஜான் ஜோ குதித்து வெளியே வந்தான், ஒரு பூட்ஸ் உள்ளேயே தங்கிவிட்டது. அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. வாயிலிருந்து வந்ததை எழுதமாட்டேன், இது தவக்காலம். இயந்திரத்தைத் தூக்க இரண்டு லாரிக் கல்லையும் களிமண்ணையும் அந்தக் குழிக்குள் கொட்டி இறுக்கினார்கள். அதுக்குக் கீழே ஒரு வாய்க்கால் உண்டு என்று கம்பெனிக்காரருக்குத் தெரியாது. எந்த வரைபடத்திலும் அது இல்லை. தெரிந்தவர்கள் உலகத்தில் இரண்டே பேர்.

அன்றிரவே மழை. அடுத்த நாளும் மழை. ஒரு வாரம் கழித்துப் பேருந்தை நிறுத்திவிட்டு வந்து பார்த்தேன். வடிய வழியில்லாமல் மேல் வயல் பள்ளத்தில் தண்ணீர் நிற்கிறது. நான் மனுவில் வரைந்து கொடுத்ததைவிடப் பெரிசு.

உனக்கு ஞாபகம் தப்ப ஆரம்பித்துவிட்டது போலிருக்கிறது, மாலகி. டாக்டரிடம் காட்டு.

அக்கா


பெர்த்
10 ஏப்ரல் 2012

அன்புள்ள அக்காவுக்கு,

ஈஸ்டர் வாழ்த்து. முதுகு வலிக்கிறது. வேலை இல்லை. ஜூன் களைத்துப்போயிருக்கிறாள், ஆனால் உன் கடிதத்தைப் படித்துவிட்டு ராத்திரிச் சாப்பாட்டில் சிரித்தாள். பார், உண்மையாகத் தனித்தனியாக எழுதிவிட்டேன்.

ஞாபகம் தப்பத்தான் செய்கிறது. வயசாகிறதல்லவா. தரை கெட்டி என்றுதான் நினைத்தேன்.

கம்பெனிக்காரர்கள் எழுதினார்கள். முள்மரத்துக்குக் கீழே இருந்து உன் வேலி வரைக்கும் நசநசவென்று ஆகிவிட்டதால் அந்தப் பகுதியை ஒப்பந்தத்திலிருந்து நீக்கிவிட்டார்களாம். ஓடைப் பக்கம் மட்டும் நடுவார்கள். தொகையும் அதற்கேற்ப. பரவாயில்லை. இந்த வீட்டை விட்டுவிட்டுச் சின்னதாக ஒன்று வாடகைக்குப் பார்க்கிறோம். உன்னிடம் சொல்லாமல் இருக்க வேண்டாம் என்று ஜூன் சொன்னாள், சொல்லிவிட்டேன்.

இன்று சவரம் செய்யும்போது தாடையில் வெட்டிக்கொண்டேன். அந்தத் தழும்பின் மேலேயே.

அது வந்ததா?

மாலகி


ட்ரம்லாரா
6 மே 2012

அன்புள்ள தம்பிக்கு,

நான் நலம், நாய் நலம், பேருந்து மட்டும் இருமுகிறது. உன் முதுகுக்கு ஜான் ஜோ ஒரு தைலம் கொடுத்தனுப்பச் சொன்னான். குதிரைக்குப் போடுவது. பூட்ஸ் போனதற்குப் பழி வாங்குகிறானோ என்னவோ, யோசித்துப் போட்டுக்கொள்.

டெவேன் வந்தார். பூட்ஸ் இப்போது நன்றாகப் பழகிவிட்டது. தண்ணீர் ஓரத்தில் ரொம்ப நேரம் நின்றார்.

"யாரும்மா தோண்டினது?"

"யாரும் தோண்டல."

"அப்ப இந்தத் தண்ணி எங்கேருந்து வந்தது?"

"மேலேருந்து."

சிரிக்கக்கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டு குறித்துக்கொண்டார். தானாக உண்டான ஈரநிலம் என்று எழுதிவிட்டாராம். "இனி இதை வடிக்கணும்னா நீங்க எங்ககிட்ட அனுமதி வாங்கணும்மா" என்றார். "வாங்க மாட்டேன்" என்றேன். அத்தனை மாதத்தில் நானும் அந்த அலுவலகமும் ஒத்துப்போனது அந்த ஒரு பேச்சில்தான். ஆனாலும் அவர்களை நான் மன்னிக்கவில்லை. கேட்டபோது கொடுத்திருந்தால் ஒரு சனிக்கிழமையில் முடிந்திருக்கும், உனக்கும் எனக்கும் நடுவில் இந்தக் குளிர்காலம் வந்திருக்காது.

வாடகை வீட்டைப் பற்றி எழுதினாயே. படித்துவிட்டு வெளியே போய் நின்றேன். அவசரப்பட்டு விட்டுவிடாதீர்கள். பள்ளி விடுமுறையில் நான் வருகிறேன், மூன்று பேரும் உட்கார்ந்து பேசுவோம். வரலாமா என்று கேட்கவில்லை, சொல்கிறேன்.

வளைமூக்கன் வந்தது. இரண்டும் வந்தன. மார்ச் நடுவிலேயே வந்துவிட்டன. உன்மேல் கோபம் மிச்சமிருந்ததால் போன கடிதத்தில் சொல்லாமல் வைத்துக்கொண்டேன். உனக்கு மட்டும்தான் மறைக்கத் தெரியுமா?

இப்போது முட்டையிட்டிருக்கிறது. என் குளத்தருகே இல்லை. நான் இத்தனை மனுப் போட்டு, கெஞ்சி, நாலு ஊர் சிரிக்கத் தாள் ஒட்டின என் வயலில் ஒரு கோரைகூட அதற்குப் பிடிக்கவில்லை. வேலியைத் தாண்டி, முள்மரத்துக்குக் கீழே, அந்த நசநசத்த இடத்தின் மேட்டில் கூடு வைத்திருக்கிறது. உன் நிலத்தில். நாலு முட்டை.

காகம் சுற்றுகிறது. நேற்று நரித் தடமும் பார்த்தேன். குஞ்சு பொரிக்கும்வரை காலையும் மாலையும் யாராவது பக்கத்தில் நிற்க வேண்டும். ஆகவே, கீழ் நிலத்துக்காரரான உன்னிடம் முறைப்படி மனுச் செய்கிறேன்: வேலி தாண்டி உன் நிலத்தில் கால் வைக்க எனக்கு அனுமதி தர வேண்டும்.

பதில் வர மூன்று வாரம் ஆகும். நான் பூட்ஸ் போட்டுவிட்டேன்.

உன் அக்கா,
அட்ராக்டா